நீ எடு கண்ணு

போத்தனூர்ப் பக்கத்தில் ஒரு வீட்டுக்குப் போகிறீர்கள். "காப்பி குடிங்க" என்று நீட்டுகிறார்கள். நீட்டிய உடனே டம்ளரை வாங்கிவிட்டால் உங்கள் வளர்ப்பு சரியில்லை என்று அர்த்தம். "இருக்கட்டுங்க, இப்பத்தானுங்க குடிச்சேன்" என்று ஒரு தடவை சொல்ல வேண்டும். "அட, குடிங்க" என்பார்கள். "வேண்டாமுங்க" என்று இன்னொரு தடவை சொல்ல வேண்டும். மூன்றாம் தடவை நீட்டும்போது வாங்கிக்கொள்ளலாம். அப்போதும் வாங்காவிட்டால் அது வேறு விதமான மரியாதைக் குறைவு. இந்த முறை தெரியாமல் வெளியூரிலிருந்து வந்து பசியோடு திரும்பிப் போனவர்கள் உண்டு. முறை நன்றாகத் தெரிந்திருந்தும் அதனால் நஷ்டப்பட்டவள் சலோமி ஒருத்திதான்.

1996-ஆம் வருஷம் திங்கட்கிழமையில் பிறந்தது. தண்டவாளத்துக்குத் தெற்கே ஓட்டுக்கூரை போட்ட அந்தச் சின்னச் சபையில், வருஷத்தின் முதல் நாள் காலை ஆராதனையை யாரும் தவறவிட மாட்டார்கள். ஞாயிறுகளில் மாட்டையும் மழையையும் சாக்குச் சொல்கிறவர்கள்கூட வந்துவிடுவார்கள். காரணம் வாக்குத்தத்த அட்டை. உள்ளங்கை அகலத்தில் வெள்ளை அட்டை, ஒவ்வொன்றிலும் ஒரு வசனம். எழுத்துத் தெரியாமல் எவர்சில்வர் தாம்பாளத்தில் கவிழ்த்துப் போட்டு, போதகரின் மனைவி ஏந்திக்கொண்டு நிற்பார். வீட்டுக்கு ஒன்று எடுக்கலாம். எடுத்த அட்டையில் இருப்பதுதான் கர்த்தர் அந்த வருஷம் அந்த வீட்டுக்குக் கொடுக்கும் வாக்கு. "இது வெறும் ஞாபகத்துக்குத்தான், இதை வைத்து ஆருடம் பார்க்காதீர்கள்" என்று போதகர் வருஷா வருஷம் சொல்வார். ஜனங்களும் வருஷா வருஷம் ஆமென் சொல்லிவிட்டு ஆருடம் பார்ப்பார்கள்.

சலோமிக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். குமரகிரி மில் திறக்க வேண்டும். அவள் வீட்டுக்காரன் அன்புமணி அங்கே நூல் நூற்கிற ரிங் பிரேம் மிசின் ஓட்டியவன். அவனுடைய அப்பனும் பாட்டனும் பிறத்தியார் தோட்டத்தில் ஏர் பிடித்தவர்கள். அந்த வம்சத்தில் முதன்முதலாகக் கைக்கடிகாரம் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனவன் அன்புமணி. தொண்ணூற்று நான்கு தீபாவளிக்கு முந்தின வாரம் போனஸ் தகராறில் மில்லை அடைத்தார்கள். பதினான்கு மாதமாகியும் திறக்கவில்லை. அவன் மட்டும் தினமும் அதே நேரத்துக்குச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய், மில் கேட்டுக்கு எதிரே சங்கத்துக்காரர்கள் போட்ட பந்தலில் உட்கார்ந்துவிட்டு, ஷிப்டு முடிகிற நேரத்துக்குத் திரும்பி வந்தான். சபைக்கு வருவதை நிறுத்திவிட்டான். "அங்க வந்தா எல்லாரும் மில்லு என்னாச்சுன்னு கேப்பாங்க. கர்த்தருகிட்ட நீயே கேளு, என்னைக் கேக்கறவங்களுக்குப் பதில் சொல்ல முடியல" என்று சொல்லிவிட்டான்.

ஆகவே அன்றைக்கு வீட்டுக்காக அட்டை எடுக்க வரிசையில் நின்றது சலோமி. அவளுக்குப் பின்னால் நின்றது எப்சிபா, அவளுடைய ஓரகத்தி. அன்புமணியின் தம்பி வில்சனுக்கு எப்சிபாவைச் சத்தியமங்கலத்தில் பெண் பார்த்துக் கொண்டுவந்தவளே சலோமிதான். ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு குடித்தனம், அந்தப் பக்கம் ஒரு குடித்தனம். வில்சன் ரயில் பாதையில் தற்காலிகக் கூலி.

தாம்பாளத்தின் இடது ஓரத்தில் ஒரு அட்டை மற்றவற்றை விட்டு விலகிக் கிடந்தது. சலோமியின் விரல் நேராக அதன் மேல் போய் உட்கார்ந்தது. அதுதான் என்று உள்ளே யாரோ சொன்ன மாதிரி இருந்தது. அந்த நேரம் பார்த்து அவளுடைய வளர்ப்பு குறுக்கே வந்தது. போதகரின் மனைவி பார்த்துக்கொண்டிருக்கிறார், பின்னால் சின்னவள் நிற்கிறாள், தான் முந்திக்கொள்வது நன்றாகவா இருக்கும்.

"நீ எடு கண்ணு" என்றாள், திரும்பி.

"இல்லீங்க்கா, நீங்க எடுங்க."

"அட, எடு கண்ணு. சின்னவங்க மொதல்ல எடுக்கட்டும்."

"வேண்டாமுங்க்கா, நீங்க பெரியவங்க."

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் நாக்கு பழகியது பழகியதுதான். "சும்மா எடு கண்ணு" என்று மூன்றாம் தடவையும் சொல்லிவிட்டாள். போதாததற்கு அந்த அட்டையையே விரலால் அவள் பக்கம் தள்ளிவிட்டாள். மூன்றாம் தடவை சொன்னால் வாங்கிக்கொள்ள வேண்டும். எப்சிபா எடுத்துக்கொண்டாள்.

சலோமி வேறொன்றை எடுத்தாள். கண்ணுக்குத் தெரியாத ஒன்றை நம்புகிறவன் அது வரும் வரைக்கும் பொறுமையோடு காத்திருப்பான் என்று அதில் இருந்தது. எப்சிபா தன்னுடையதைத் திருப்பிக் காட்டினாள். உனக்கு முன்னால் ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறேன், அதை எவனும் பூட்ட முடியாது என்று அதில் இருந்தது.

சலோமி இரண்டு அட்டையையும் மாறி மாறிப் பார்த்தாள். பூட்டிக் கிடக்கிற மில் யாருடைய புருஷனுடையது, வாசல் யாருக்குத் திறக்க வேண்டும். ஆராதனை முடிந்து எல்லோரும் கேக்கும் காப்பியும் சாப்பிடும்போது அவள் போதகரின் மனைவியைத் தூணோரம் தள்ளிக்கொண்டு போனாள்.

"ஏனுங்க பாஸ்டரம்மா, இந்த அட்டைய மாத்திக்கலாமுங்களா?"

"அது என்ன சீலையா சலோமி, கலர் புடிக்கலீன்னு மாத்தறதுக்கு? அவரு குடுத்தத வாங்கிக்க."

"காத்திருன்னு வந்திருக்குதுங்க. பதினாலு மாசமா அதைத்தானுங்க பண்ணிட்டிருக்கறோம். அதுக்கு ஒரு வசனம் வேற வேணுமுங்களா?"

போதகரின் மனைவி சிரித்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள். சலோமிக்கு அது எட்டியிருந்தது. அவளே அதை எடுத்து இன்னொருத்தி வாயில் ஊட்டிவிட்டாள். அதுதான் தாங்கவில்லை.

வீட்டுக்கு வந்து அட்டையை மிளகாய்ப்பொடி டப்பாவுக்குப் பின்னால் செருகி வைத்தாள்.

மில் நின்ற பிறகு அவள் சந்தகை பிழிந்து விற்றுத்தான் அடுப்பு எரிந்தது. முந்தின நாள் புழுங்கலரிசியை ஊறப்போட்டு ஆட்டி வைப்பாள். விடியற்காலை ஐந்து மணிக்கு மாவைக் கொழுக்கட்டையாகப் பிடித்து வேகவைப்பாள். வெந்ததைச் சூடு ஆறுவதற்குள் அச்சில் போட்டுத் திருக வேண்டும். ஆறிவிட்டால் பத்து ஆள் வந்து திருகினாலும் இறங்காது. மூன்று கால் இரும்பு அச்சு, அதன் தலையில் குறுக்குக் கைப்பிடி. திருகுவது அன்புமணியின் வேலை. பனியனைக் கழற்றிவிட்டு இரண்டு கையாலும் சுற்றுவான். வெள்ளை நூல் நூலாக அடியில் இறங்கும். மில்லில் நூல் அறுந்தால் விரல் நுனியில் ஒட்டி முடிந்தவன், இங்கே அறுந்து விழுகிற சந்தகையைப் பார்த்துக்கொண்டே நிற்பான். பாதிக்கு எலுமிச்சம்பழம் பிழிந்து தாளித்து, பாதிக்குத் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் வைத்து, கூடையில் ஏற்றிக்கொண்டு சலோமி ரயில்வே குடியிருப்புகளுக்குப் போவாள். பத்து மணிக்குள் விற்றுவிடும். மகள் இனியாவுக்குப் பள்ளிக்கூடத்துக்குக் கட்டியது போக மிச்சம் இருந்தால், சுவருக்கு அந்தப் பக்கம் எப்சிபாவுக்கு ஒரு கிண்ணம் போகும்.

அந்த வருஷம் அதிலும் ஒரு குறை வந்து சேர்ந்தது. வெள்ளிக்கிழமைகளில் எப்சிபா கிண்ணத்தைத் தொடுவதில்லை.

"வேண்டாமுங்க்கா, வயித்துக்குச் சரியில்லீங்க" என்பாள்.

இரண்டாம் தடவை சொன்னாலும் வேண்டாம், மூன்றாம் தடவை சொன்னாலும் வேண்டாம். அதெப்படி வயிறு கிழமை பார்த்துக் கெடும் என்று சலோமி யோசித்தாள். நம்ம வீட்டுச் சோறு அவளுக்கு இறங்கவில்லை, வேறென்ன.

ஆனி மாதம் வில்சனுக்கு வேலை நிரந்தரமானது. அந்த ஞாயிறு சபையில் எப்சிபா எழுந்து நின்று சாட்சி சொன்னாள். அவளுக்குக் குரலே எழும்பாது. "கர்த்தர் வாசலைத் தொறந்தாருங்க" என்று மூன்றே வார்த்தை சொல்லிவிட்டு, சலோமியைப் பார்த்துக் கண் கலங்கி உட்கார்ந்துவிட்டாள். எல்லோரும் கை தட்டினார்கள். சலோமியும் தட்டினாள். உள்ளங்கை சிவக்கிற அளவுக்குத் தட்டினாள், வயிறு எரிந்த எரிச்சலுக்கு வேறு எதையாவது அடிக்க வேண்டும் போலிருந்தது.

"என்னையப் பாத்து அழுகறா" என்றாள் அன்புமணியிடம், வீட்டுக்கு வந்து. "பாவம், இவ ஏமாந்தவன்னு அழுகறா."

"ஏம்புள்ள, தம்பிக்கு வேலையானா நமக்கும் நல்லதுதான?"

"நல்லதுதானுங்க. நான் இல்லீன்னா சொன்னேன்? அது நம்ம அட்டைன்னுதான் சொல்றேன். என்ற வெரலு அது மேல இருந்துச்சு."

"அப்பறம் எதுக்குக் குடுத்த?"

"மூணு தடவ சொன்னா எடுத்துப்போடுவான்னு நான் கண்டனா?"

அன்புமணி சிரித்தான். பல மாதம் கழித்து அவன் சிரித்தது அதற்குத்தான். சலோமிக்கு அந்தச் சிரிப்பும் பிடிக்கவில்லை.

அன்றைக்கு நன்றி விருந்துக்குச் சந்தகை பிழிந்து கொடுத்ததும் அவளேதான். ஒறம்பரை, சொந்தக்காரர்கள் எல்லாம் வந்து தேங்காய்ப்பாலைக் கிண்ணம் கிண்ணமாக ஊற்றிக்கொண்டு, "சலோமி கைக்கு ஈடில்லீங்க" என்றார்கள். புரட்டாசியில் வில்சனுக்கு ரயில்வே குடியிருப்பு கிடைத்தது. இரண்டு அறை, தனிக் குளியலறை, வீட்டுக்குப் பின்னால் பொடக்காளியில் ஒரு முருங்கை மரம். சாமான் ஏற்றிய வண்டிக்குப் பின்னால் சலோமி விளக்குமாற்றையும் முறத்தையும் தூக்கிக்கொண்டு நடந்தாள். எப்சிபா வீட்டுக்கு ஒவ்வொரு வாசலாகத் திறக்கிறது, எல்லாவற்றுக்கும் தானே போய்க் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே நடந்தாள்.

அவளுக்கு ஒரே ஒரு ஆறுதல் இருந்தது. அதை வெளியே சொல்ல முடியாது. தனக்கு இனியா இருக்கிறாள். எப்சிபாவுக்குக் கல்யாணமாகி நான்கு வருஷமாகியும் ஒன்றும் இல்லை. இராத்திரி படுக்கும்போது இந்த நினைப்பு வந்து சலோமியைத் தட்டிக்கொடுக்கும். தட்டிக்கொடுத்த உடனே வெட்கமாக இருக்கும். ஜெபத்தில் மன்னிப்புக் கேட்பாள். மறுநாள் அதே நினைப்பு வரும்.

மார்கழி நெருங்கும்போது மில் விஷயம் சூடுபிடித்தது. வெளியூர்க்காரர் ஒருவர் மில்லை வாங்கி நடத்தப் போகிறார், புதன்கிழமை சங்கத்தையும் முதலாளியையும் உட்கார வைத்துப் பேசப் போகிறார்கள் என்று அன்புமணி வந்து சொன்னான். அவன் சொன்ன விதத்திலேயே அவன் நம்பவில்லை என்று தெரிந்தது. ஆனால் சட்டையைத் துவைத்துப் போடச் சொன்னான். அது போதும் சலோமிக்கு. புதன்கிழமை அவன் பையில் அந்த அட்டை இருக்க வேண்டும் என்று முடிவு கட்டினாள். தன்னுடையதைத் தான் எடுத்தால் அதற்குப் பேர் திருட்டா என்ன.

திங்கட்கிழமை கூடையில் எப்சிபாவுக்கென்று ஒரு தூக்குப்போசி சந்தகையைத் தனியாக வைத்துக்கொண்டு போனாள்.

"வாங்க்கா, உக்காருங்க. குழாயில தண்ணி வர்ற நேரமுங்க, ரெண்டு கொடம் புடிச்சுட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு எப்சிபா குடத்தோடு வெளியே போனாள்.

அட்டை சுவர்க் கண்ணாடியின் சட்டத்தில், கீழ் மூலையில் செருகியிருந்தது. சலோமி எழுந்தாள். சரியாக அந்த நேரம் பார்த்து ஒரு கூட்ஸ் வண்டி வந்தது. கண்ணாடி கிடுகிடுவென்று ஆட, அதற்குள் சலோமியின் முகமும் ஆடியது. தலைப்பில் முடிந்து வைத்திருந்த தன் அட்டையை எடுத்துச் சட்டத்தில் செருகினாள். எப்சிபாவின் அட்டையை எடுத்து முடிந்துகொண்டாள். ஒரே அளவு, ஒரே வெள்ளை. கிட்டே போய்ப் படித்தால்தான் தெரியும். தினமும் முகம் பார்க்கிறவள் அட்டையையா பார்க்கப் போகிறாள்.

எப்சிபா திரும்பி வந்து காப்பி நீட்டினாள். சலோமி முதல் தடவையிலேயே வாங்கிக் குடித்துவிட்டாள். அவ்வளவு படபடப்பு.

புதன்கிழமை காலை, கரி போட்ட இஸ்திரிப் பெட்டியால் அன்புமணியின் சட்டையைத் தேய்த்து, பையில் வைப்பதற்காக முடிச்சை அவிழ்த்தாள். அப்போதுதான் அட்டையின் பின்பக்கத்தைப் பார்த்தாள்.

பின்பக்கம் பென்சிலால் எழுதியிருந்தது. மேலே எப்சிபாவின் கோணல் எழுத்தில் 'பெரிய மாமா மில்லு' என்று இருந்தது; அவளுக்குப் பெரிய மாமா அன்புமணி. அதற்குக் கீழே குச்சி குச்சியாகக் கோடுகள், ஐந்து ஐந்தாக வரிசை போட்டு. சில இடத்தில் கோட்டுக்குப் பதில் சின்ன வட்டம், பக்கத்தில் 'காய்ச்சல்' என்று. சலோமிக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பால் கணக்குக்குப் புள்ளி போட்ட மாதிரி இருக்கிறதே என்று நினைத்தாள். பிறகு எண்ணிப் பார்த்தாள். நாற்பத்தேழு கோடு. வாரத்துக்கு ஒன்று. அட்டையின் மேல் மூலையில் இரண்டே எழுத்தில் 'வெ.கி.' என்று குறித்திருந்தது.

வெள்ளிக்கிழமை. வயித்துக்குச் சரியில்லீங்க.

தரையில் உட்கார்ந்துவிட்டாள். நாற்பத்தேழு வெள்ளி அவள் பட்டினி கிடந்திருக்கிறாள். இந்த வீட்டுக்காக. சலோமி நீட்டிய சந்தகையைத் தொடாமல், அதற்காக இவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதையும் பார்த்துக்கொண்டு. சலோமிக்கு அழுகை வர வேண்டும். வந்தது கோபம். தன் புருஷன் மில்லுக்காகத் தான் ஒரு நாள் பட்டினி கிடந்ததுண்டா. ஒரு வேளை உண்டா. அதையும் அவளே முந்திக்கொண்டாள். வேலையும் அவளுக்கு, வீடும் அவளுக்கு, நல்லவள் என்கிற பேரும் அவளுக்கேதானா.

"புள்ள, சட்டை ஆச்சா?" என்று அன்புமணி கூப்பிட்டான்.

எழுந்து அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக் கொடுத்தாள். யார் பட்டினி கிடந்தால் என்ன, மில் திறந்தால் சரி.

அன்புமணி மூன்று மணிக்கே வந்துவிட்டான். சைக்கிளை நிறுத்தி, முகம் கழுவி, துண்டால் நிதானமாகத் துடைத்தான். அவன் நிதானத்திலிருந்தே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"வாங்க வந்தவனுக்கு மில்லு வேண்டாமாமா" என்றான். "எடந்தான் வேணுமாமா. மிசினெல்லாம் கழட்டி வித்துப்போடறாங்க. பந்தலைக்கூடப் பிரிச்சாச்சு."

"அப்ப?"

"அப்ப என்ன. இனி கேட்டுக்கு முன்னால போய் உக்கார வேண்டியதில்ல. அந்தளவுக்கு மிச்சம்." சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டும்போது பையில் கை பட்டது. "இதென்ன அட்டை?"

"ஒண்ணுமில்லீங்க, குடுங்க."

அவன் படித்துப் பார்த்தான். வாசலைப் பற்றி இருந்ததைப் படித்துவிட்டு அவள் கையில் கொடுத்தான். "ஏதாச்சும் சொல்லுங்க" என்றாள் சலோமி.

"என்ன சொல்றது? பூட்ட முடியாதுன்னு போட்டிருக்குது. கழட்டி விக்க முடியாதுன்னு போடல."

அன்றைக்கு வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. இனியா மட்டும் இரண்டு வாய் பழையது குடித்துவிட்டுப் பாடப் புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு படிக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் எப்சிபா வந்தாள். சலோமி அரிசி களைந்துகொண்டிருந்தாள். எப்சிபா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தலைப்புக்குள்ளிருந்து அட்டையை எடுத்தாள்.

"அக்கா, உங்க அட்டை எப்பிடியோ எங்க ஊட்டுக்கு வந்திருச்சுங்க" என்றாள்.

எப்படியோ. அந்த வார்த்தைக்குள் சலோமி தப்பித்துப் போகிற அளவுக்கு இடம் இருந்தது. எப்சிபா அதை அவளுக்காகவே விட்டுவைத்திருந்தாள். சலோமி போகவில்லை.

"எப்பிடியோ வரல. நான்தான் மாத்தி வெச்சேன்" என்றாள், அரிசியிலிருந்து கையை எடுக்காமல். "எப்ப கண்டுபுடிச்ச?"

"காத்தால கோடு போடலாமுன்னு திருப்பினேனுங்க. பின்னால ஒண்ணுமே இல்ல."

"மில்லுதான் போயிருச்சே. இன்னும் என்ன கோடு?"

"அவரு சொன்னாருங்க. இருந்தாலும் வெள்ளிக்கெழமையாச்சுங்களே. கையி பென்சிலத் தேடுச்சுங்க."

களைந்த தண்ணீரை வடித்து ஊற்றிவிட்டு சலோமி கேட்டாள். "எதுக்குடி இதெல்லாம் பண்ணுன? நான் உன்னையக் கேட்டனா?"

எப்சிபா தரையில் சிந்திய அரிசியை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். "உங்க வெரலு அது மேல இருந்துச்சுங்க்கா. நான் பாத்தேன். மூணாந்தடவ சொல்லி நவுத்தியும் விட்டீங்க. எடுக்காட்டி பாஸ்டரம்மா முன்னால உங்களுக்கு மரியாதக் கொறவாயிருமுன்னு எடுத்துப்போட்டேன். படிச்சதும் பக்குனு ஆயிருச்சுங்க. இது பெரிய மாமாவோட அட்டைன்னு அப்பவே தெரிஞ்சுது. பாஸ்டரம்மாகிட்ட மாத்திக் குடுத்தரலாமான்னு கேட்டேன். சீலையா மாத்தறதுக்குன்னாங்க."

"உன்கிட்டயும் அதைத்தான் சொன்னாங்களா?"

"நீங்களும் கேட்டீங்களா?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சலோமிக்குச் சிரிப்பு வருகிற மாதிரி இருந்தது. வரவில்லை.

"மாத்த முடியாதுன்னா, அட்டை எங்க ஊட்டுல இருந்தாலும் அது மேல உங்களுக்காகக் கேக்கலாமுல்ல, அப்பிடீன்னு நெனச்சேனுங்க. எங்களுக்கு வேலை வந்தப்ப எனக்குப் பயமாயிருச்சு. உங்களுக்கு வர்றதப் புடிங்கித் தின்னுட்டேன்னு தோணுச்சு. சாட்சி சொல்றப்ப உங்க மூஞ்சியப் பாக்கவே முடியல." மூக்கை உறிஞ்சினாள். "கேட்டும் ஒண்ணும் ஆவலீங்க்கா. எனக்குக் கேக்கத் தெரியல போல."

"உனக்குன்னு ஒண்ணும் கேக்கலியா?"

"இல்லீங்க."

"நாலு வருசமாச்சுல்ல?" சலோமி ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள். இந்த நான்கு வருஷத்தை இராத்திரிகளில் அவள் எண்ணியது வேறு விதமாக. "அதைக்கூடக் கேக்கலியா?"

"ரெண்டு கேட்டா ஒண்ணு தள்ளிப்போயிருமோன்னு இருந்துச்சுங்க. மில்லு தொறக்கட்டும், பொறவு நம்மளது கேட்டுக்கலாமுன்னு விட்டுட்டேன்."

வாசலில் ஒரு கோழி வந்து களைந்த தண்ணீரில் கிடந்த குருணையைக் கொத்தியது. அதை விரட்டுகிற சாக்கில் சலோமி முகத்தைத் திருப்பித் துடைத்துக்கொண்டாள்.

"உங்க அட்டையப் படிச்சேனுங்க்கா" என்றாள் எப்சிபா. "கண்ணுல தெரியறதுக்கு எதுக்கு நம்பிக்கைன்னு இருக்குது. தெரியாததுக்குத்தான் காத்திருக்கறதாமா."

"ஒரு வருசமா அதப் பாத்தாலே எனக்கு எரிச்சல்தான் வரும்."

"எனக்கும் இன்னைக்கு எரிச்சலாத்தான் வந்துச்சுங்க" என்றாள் எப்சிபா. இந்த ஒரு வார்த்தைக்காக சலோமிக்கு அவளைப் பிடித்துப்போனது. நல்லவளுக்கும் எரிச்சல் வருகிறது என்பது எவ்வளவு பெரிய ஆறுதல்.

அட்டைகளை மாற்றிக்கொள்ளவில்லை. "அது உங்கிட்டயே இருக்கட்டும், புது வருசத்துக்குப் பத்தொம்பது நாள்தான" என்றாள் சலோமி. பின்பக்கம் கோடு போட்ட அட்டையை அவள் கொடுப்பதாகவும் இல்லை.

வருஷக் கடைசி வாரத்தில் அன்புமணி சைக்கிளின் பின்னால் பலகை அடித்து, இன்னொரு சந்தகைக் கூடையைக் கட்டிக்கொண்டு ஈச்சனாரி வரைக்கும் தானே போக ஆரம்பித்தான். மில்காரர்கள் இரண்டு பேர் எதிரே வந்து கேட்டதற்கு, "நூல்தான ஓட்டிட்டிருந்தோம், இதுவும் நூல்தான்" என்று சொன்னானாம். சொல்லும்போது சிரித்தானா என்று சலோமி கேட்கவில்லை.

1997 புத்தாண்டு புதன்கிழமை. காலையில் அவன் தேய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு, "நானும் வாரேன்" என்றான். சபையில் கடைசி வரிசையில் நின்றுகொண்டான். மில் என்னாச்சு என்று யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அட்டை எடுக்க சலோமியையே அனுப்பினான். பின்னால் எப்சிபா. தாம்பாளம் வந்தது.

"நீ எடு கண்ணு" என்றாள் சலோமி.

"நீங்க எடுங்க்கா."

"சரி" என்று சொல்லிவிட்டு எடுத்துக்கொண்டாள். போதகரின் மனைவியின் புருவம் மேலே ஏறியது. ஊர் முறையில் இரண்டு தடவை பாக்கி இருந்தது. சலோமி அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. அட்டையைத் திருப்பிப் பார்க்காமலே தலைப்பில் முடிந்துகொண்டாள். வசனம் என்ன என்று நாலு பேர் கேட்டார்கள். "இன்னும் பாக்கலீங்க" என்றாள். வீட்டுக்கு வந்து, இனியாவின் பென்சிலை வாங்கி, பின்பக்கத்தில் 'எப்சிக்கு' என்று எழுதினாள். அதற்கு மேல் எழுத வேண்டியதைக் கர்த்தருக்கு எழுத்துக்கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை என்று விட்டுவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை மாவு வெந்து ஆவி பறந்தது. அன்புமணி கைப்பிடியைத் திருகத் திருகச் சந்தகை இறங்கியது. தேங்காய்ப்பாலில் ஏலக்காய் வாசம். இரண்டு வருஷமாகத் தன் கையாலேயே செய்தும் இந்த வாசத்தைச் சலோமி கவனித்ததே இல்லை. ஆறு மணிக்கே பசித்தது. ஏழு மணிக்குக் கண்ணைக் கட்டியது. நாற்பத்தேழு வெள்ளி எப்சிபா எப்படி இருந்தாள் என்று யோசித்துக்கொண்டே கூடையைக் கட்டினாள்.

அன்புமணி ஒரு கிண்ணத்தில் போட்டு நீட்டினான். "நீ ஒரு வாய் தின்னுட்டுப் போ புள்ள."

"வேண்டாமுங்க."

"அட, தின்னு."

"வேண்டாமுங்க."

"ஏம்புள்ள, என்னாச்சு?" என்று மூன்றாம் தடவையும் நீட்டினான்.

"வயித்துக்குச் சரியில்லீங்க" என்றாள் சலோமி.

அவன் தன் கூடையைச் சைக்கிளில் ஏற்றப் போனதும், மிளகாய்ப்பொடி டப்பாவுக்குப் பின்னாலிருந்து புது அட்டையை எடுத்து முதல் கோட்டைப் போட்டாள். பக்கத்திலேயே பழைய அட்டையும் இருந்தது. அதன் வரிசைகளை இன்னொரு தடவை எண்ணிப் பார்த்தாள். அவ நாப்பத்தேழுதான் இருந்தா, நான் நாப்பத்தெட்டு இருந்து காட்டறேன் என்று சொல்லிக்கொண்டு, ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டுக் கிளம்பினாள்.